இடது ஓரம்

செவ்வாய்ப்பேட்டையில் ஜவ்வரிசிக் கிடங்காக இருந்த இடம்.
மூட்டைகள் போய் மூன்று வருஷம் ஆகியும்
சுவரில் சாய்ந்தால் சட்டையில் மாவு ஒட்டுகிறது.
புளித்த கிழங்கு வாசனைக்கு நடுவே
உலகத்துத் துயரமெல்லாம் கறுப்புச் சட்டத்தில்,
ஒரே உயரத்தில், ஆணியடித்து.

கட்டணம் இல்லை.
வாடகைக்கு முடிந்ததைப் போடலாம் என்று
மூடியில் கீறல் விட்ட பிஸ்கட் டப்பா.
இருபது ரூபாய் போட்டேன்.
ஜெசிந்தா என்று கழுத்தில் அட்டை மாட்டியிருந்த பெண்
"செருப்போடயே வாங்க" என்றாள்.

சொன்னது என் கிளீனர் மாதையன்.
"அண்ணே, பரிசு வாங்குன போட்டோவுல நம்ம வண்டி இருக்கு."
நம்பவில்லை.
ஞாயிற்றுக்கிழமை, டீசல் வரவில்லை, வந்தேன்.

முதல் படத்தில் கடல் ஒரு பள்ளிக்கூடத்துக்குள் ஏறியிருந்தது.
அடுத்ததில் ஒருவன் ஓடிக்கொண்டிருந்தான்,
எத்தனை நேரம் பார்த்தாலும்
அந்த இரும்புக் கேட்டை அவன் எட்டவில்லை.
மூன்றாவதை நான் சரியாகப் பார்க்கவில்லை,
குழந்தை இருந்தது.

நாலாவதில் நான்.
நான் என்றால்
இடது ஓரத்தில் மஞ்சளாக ஒரு பக்கெட்,
நாலு பல், சேறு.
மூன்றாம் பல் பாதி இல்லை.
ஓமலூர்ப் பாலத்து வேலையில் அதை உடைத்தவன் நான்தான்,
முதலாளி இரண்டாயிரம் பிடித்துக்கொண்டார்.
ஆகவே சந்தேகமில்லை.

நடுவில் ஏற்காட்டுப் பாதை, பதினாறாம் கொண்டை ஊசி,
மண்ணோடு இறங்கிவந்த சில்வர் ஓக் மரங்கள்
வேர் மேலாக.
பாறைமேல் ஒரு பெண்,
மடியில் ஒரு குக்கர்.
அவள் நம்மைப் பார்க்கவில்லை,
நமக்குப் பின்னால் எதையோ.
அந்தக் கண்ணுக்குத்தான் பரிசு என்று
பக்கத்தில் ஒருவர் தாடியைத் தடவியபடி
கோவிலில் பேசுவதுபோல் பேசினார்.

கீழே அட்டையில்:
"வீட்டில் மிஞ்சியது."

அப்படி இல்லை சார்.
அவள் வீடு இன்றைக்கும் இருக்கிறது,
மேல் வளைவில், ஓட்டில் பூசணிக்கொடியோடு.
வெள்ளச்சி என்று பெயர்.
ஆடு தேடி இறங்கியவள்.
குக்கர் என் பக்கெட்டில் வந்தது.
"யாருதோ தெரியல, கொஞ்சம் வெச்சிரும்மா" என்று
கத்தியவன் நான்.
உட்கார்ந்தாள்.
பாறை ஈரமென்று எழுந்து, சேலையை உதறி,
மறுபடி உட்கார்ந்தாள்.
நமக்குப் பின்னால் அவள் பார்ப்பது
ஆட்டை.

படம் எடுத்தவரையும் குறை சொல்ல முடியாது.
முழங்கால்வரை சேற்றில் நின்றார்.
லென்ஸ் துடைக்க என் துண்டைத்தான் கேட்டார்.
பனி இறங்குமுன் சேலம் போய்ச் சேர வேண்டும்,
போய்விட்டார்.

குக்கர்க்காரி வந்தது சாயங்காலம்.
காப்பித் தோட்டத்து லைன் வீட்டுக்காரி,
அந்த லைனே இப்போது இல்லை.
அழவில்லை.
வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.
"விசில் எங்க?"

எனக்குச் சிரிப்பு வந்தது,
கொஞ்சம் பயமாகவும் இருந்தது.
வீடு எங்கே என்று கேட்கவில்லை.
விசில்.

வெள்ளச்சி முந்தானையைச் செருகிக்கொண்டு
மண்ணில் இறங்கிவிட்டாள்.
நானும் இன்ஜினை அணைத்தேன்,
ஹெட்லைட்டை மட்டும் விட்டுவைத்தேன்.
மூன்று பேர்,
விரலால் மலையைத் துழாவினோம்.
நடுவே ஆடு தானாக வந்து
நின்று பார்த்தது.

அதற்குப் படம் இல்லை.

"அண்ணா, கொஞ்சம் தள்ளிக்கிறீங்களா?"
கல்லூரிப் பெண் ஒருத்தி செல்போனை உயர்த்தியிருந்தாள்.
தள்ளினேன், இடப்பக்கமாக.
என் முழங்கை
அவள் படத்திலும் விழுந்திருக்கும்.

வாசலில் நோட்டு, கயிற்றில் கட்டிய பேனா.
பெயர், ஊர், கருத்து.
எனக்கு மேலே ஒருவர் நெஞ்சு உலுங்கிவிட்டது என்றும்
ஒருவர் ஒளி அற்புதம் என்றும்
ஒருவர் டாய்லெட் வசதி தேவை என்றும் எழுதியிருந்தார்கள்.
ஜெசிந்தா பார்த்துக்கொண்டிருந்தாள்.
அவளிடம் ஆட்டைப் பற்றிச் சொல்லலாம்தான்,
எங்கிருந்து ஆரம்பிப்பது.

எழுதினேன்:
சொ. தீர்த்தகிரி, கருப்பூர்.
விசில் கிடைத்துவிட்டது.